வீடு நிறைய ஆட்கள், பேசத்தான் யாருமில்லை

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்திலிருந்து 63 வயது அம்மையார் ஒருவர் கையால் எழுதிய நீண்ட கடிதம் இது. ‘என் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்’ என்று தொடங்குகிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இளம் வயதில் டர்பன் ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் வேலை பார்த்தவர். விடாத இருமலோடு போனபோது எக்ஸ்ரேயில் தெரிந்த நிழலைக் காசநோய் என்று கருதி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சளியில் காசநோய்க் கிருமி ஒரு தடவையும் அகப்படவில்லை. பிறகு திசு எடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம் என்று தெரிந்தது. இப்போது அரசு மருத்துவமனையில் கீமோ போய்க்கொண்டிருக்கிறது.

அவர் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. கணவர் நாற்பது வருடம் புகைத்தவர். நோயின் பெயர் தெரிந்த நாளிலேயே விட்டுவிட்டார், பேச்சையும் சேர்த்து. மகன் பக்கத்துத் தெருவில் குடும்பத்தோடு இருக்கிறார். ஆஸ்திரேலியாவில் பெர்த்திலுள்ள மகளிடம் ‘நெஞ்சில் சளித்தொற்று’ என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்லக் கூடாது என்பது மகனின் கட்டளை. மருமகள் பேரக்குழந்தையை அண்ட விடுவதில்லை. வலி, மூச்சுத்திணறல் போன்ற அவதிகளைத் தணிக்கும் ‘பேலியேட்டிவ்’ குழுவைப் பார்க்க மருத்துவர் சொன்னபோது, ‘அம்மாவைச் சாக விடச் சொல்கிறீர்களா’ என்று மகன் சண்டை போட்டிருக்கிறார். நாத்தனார் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொள்ளச் சொல்கிறார். தினமும் யாராவது பிரியாணிச் சட்டியோடு வருகிறார்கள். ‘வீடு நிறைய ஆள். ஆனால் நான் வாயைத் திறந்தால் எல்லோரும் பேச்சை மாற்றுகிறார்கள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?’ என்று கேட்கிறார்.

அன்புள்ள அக்கா,

நான் உங்களைவிட இளையவள், அதனால் அக்கா என்றே அழைக்கிறேன். புத்தி பேதலிக்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் போல இத்தனை தெளிவாகத் தன் நிலைமையைச் சொல்லக்கூடிய நோயாளிகள் குறைவு. டர்பனில் புற்றுநோயாளிகளுக்கும் குடும்பங்களுக்கும் ஆலோசகராக இருக்கிறேன், மருத்துவர் இல்லை. மருந்து பற்றி நான் சொல்வதை உங்கள் மருத்துவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன், அழுதால் நோய் பரவும் என்று நாத்தனார் சொல்லியிருக்கிறாள், அதனால் அழுத பிறகு பயம் இன்னும் கூடுகிறது என்று. முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அழுகையால் நோய் பரவாது

ஆஸ்திரேலியாவில் நுரையீரல் புற்றுநோய் வந்த 179 பேரிடம், எவ்வளவு நம்பிக்கையோடு இருக்கிறார்கள் என்பதை அளந்து, பிறகு அவர்கள் எத்தனை காலம் வாழ்ந்தார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். 2004-இல் முடிவு வெளிவந்தது. நம்பிக்கை நிறைந்தவர்களும் இல்லாதவர்களும் வாழ்ந்த காலத்தில் வேறுபாடு தெரியவில்லை. உங்கள் கட்டி நீங்கள் சிரிக்கிறீர்களா அழுகிறீர்களா என்று பார்த்து வளர்வதில்லை. ஆகவே குழாயை மூடிவிட்டு அழலாம். டர்பனில் தண்ணீருக்கு வேறு தட்டுப்பாடு.

நாத்தனாரைக் குறை சொல்லவில்லை. ‘தைரியமாக இரு’ என்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பயத்துக்குத்தான் மருந்து தேடுகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லின் விலையைக் கொடுப்பது நோயாளி. நோயையும் சுமந்துகொண்டு, வந்தவர்களுக்காக நடிக்கவும் வேண்டியிருக்கிறது. அடுத்த தடவை அவர் அப்படிச் சொன்னால், ‘எனக்குத் தைரியம் இருக்கிறது, இன்றைக்கு அழுகையும் இருக்கிறது, கொஞ்சம் பக்கத்தில் உட்கார்’ என்று சொல்லிப் பாருங்கள்.

அழுகைக்கும் மனச்சோர்வு நோய்க்கும் வேறுபாடு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். களைப்பு, பசியின்மை, தூக்கக் கேடு எல்லாம் கீமோவாலும் வரும். அவற்றை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. நான் கேட்கிற கேள்விகள் வேறு. பேரக்குழந்தையின் குரல், விளக்கேற்றுவது, ரேடியோவில் பழைய பாட்டு என்று முன்பு பிடித்த எதுவுமே இரண்டு வாரத்துக்கு மேலாகப் பிடிக்காமல் போய்விட்டதா? எல்லோருக்கும் பாரமாகிவிட்டேன் என்ற நினைப்பு நாள் முழுதும் நிற்கிறதா? ஆம் என்றால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. பேச்சு வழியாகவும் மாத்திரை வழியாகவும். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம். மனநல உதவி தரும் சாடாக் அமைப்பின் இலவச எண் 0800 567 567, இரவிலும் அழைக்கலாம்.

கீமோவுக்குப் பிறகு இரண்டு மூன்று இரவு கண்ணே மூடவில்லை, மனம் பறக்கிறது என்கிறீர்கள். கீமோவோடு வாந்தி தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தையும் மனநிலையையும் அப்படிக் குலைக்கும். அதைக் காலை வேளையில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். மாத்திரையின் வேலையை உங்கள் பலவீனம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

‘நீ சிகரெட் பிடித்தாயா?’

நுரையீரல் புற்றுநோய்க்கென்றே உள்ள அவமானம் இது. மார்பகப் புற்றுநோய் வந்த பெண்ணிடம் யாரும் ‘என்ன செய்தாய்?’ என்று கேட்பதில்லை. உங்களிடம் மட்டும் பழங்கூடையைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்கள். புகைக்காதவர்களுக்கும் இந்த நோய் வரும், குறிப்பாக ஆசிய வம்சாவளிப் பெண்களுக்கு. உலக அளவில் இந்நோயாளிகளில் பத்தில் ஒருவராவது ஒருபோதும் புகைக்காதவர். இத்தகையவர்களின் கட்டியில் சில மரபணு மாற்றங்கள் அதிகம் காணப்படுகின்றன. அவற்றுக்கென்றே மாத்திரைகளும் உண்டு. உங்கள் திசுவில் ‘ஈ.ஜி.எஃப்.ஆர்’ சோதனை செய்தார்களா, மாற்றம் இருந்தால் அரசு மருத்துவமனை வழியாக அந்த மாத்திரை கிடைக்க வழி உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை. விலை அதிகம், எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அதனால் பதில் ‘இல்லை’ என்றும் வரலாம்.

இனி கொஞ்சம் கசப்பான ஒன்று. வருகிறவர்களிடம் எல்லாம் ‘நான் ஒரு சிகரெட் கூடப் பிடித்ததில்லை’ என்று சொல்லி உங்களைக் காப்பாற்றிக்கொள்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் கணவர் அதே அறையில் உட்கார்ந்திருப்பார். நீங்கள் குற்றமற்றவர் என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் ‘அப்படியானால் வேறு யார்?’ என்ற கேள்வி அவர் மடியில் போய் விழுகிறது. அவர் பேச்சை நிறுத்தியதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

அவருடைய புகைதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். மழுப்பாமல் சொல்கிறேன். பிறர் விடும் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியானது. புகைப்பவரோடு வாழும் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது. ஆனால் புகைக்காத பெண்ணின் அடிப்படை வாய்ப்பே மிகச் சிறியது. அதில் கால் பங்கு கூடினாலும் சிறியதுதான். இதற்கு மேல் மாசுபட்ட காற்று இருக்கிறது; 2013-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதையும் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்தது. தெற்கு டர்பனின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் வாடையில் வளர்ந்த நமக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு தனி மனிதரின் கட்டியைப் பார்த்து ‘இன்னதால் வந்தது’ என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

இரவில் அவர் குறட்டையைக் கேட்டுக் கோபம் வருகிறது, பிறகு கோபப்பட்டதற்காக வெட்கம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கு வரும்போது வரட்டும், வராமலும் போகட்டும். ஆனால் மௌனத்தை நீங்கள் உடைக்கலாம். ‘எனக்குச் சில நேரம் உங்கள் மேல் கோபம் வருகிறது. நீங்கள் பேசாமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. விருந்தாளிகள் கேட்டால், ‘இந்த நோய் யாருக்கும் வரும்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புகைத்தவர்களுக்கு வந்தாலும் அது தண்டனை இல்லை, நோய்தான்.

காசநோய் என்று தள்ளிப்போனதற்கும் உங்களையே நொந்துகொள்கிறீர்கள், அன்றே வேறு மருத்துவரிடம் போயிருக்கலாம் என்று. இந்த நாட்டில் காசநோய் அவ்வளவு மிகுதி. நிழல் தெரிந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழும். குவாசூலு-நட்டால் அரசு மருத்துவமனைகளில் மருத்துவர் பற்றாக்குறையும் இயந்திரப் பழுதும் புற்றுநோயாளிகளின் உரிமையை மீறுகின்றன என்று 2017-இல் மனித உரிமை ஆணையமே அறிக்கை தந்தது. உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் மேல் மட்டும் அதைத் திருப்ப வேண்டாம்.

மூச்சு முட்டும் இரவு

மூச்சு வாங்குவதை மருத்துவரிடம் சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து மறைத்திருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் என்னைக் கவலைப்படுத்துவது இதுதான். மூச்சுத்திணறலுக்கு நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கலாம், இரத்தம் குறைந்திருக்கலாம், தொற்றோ இரத்தக் கட்டோ இருக்கலாம். பலவற்றைச் சரிசெய்ய முடியும், சொன்னால்தான். திடீரென மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, காய்ச்சல் 38 டிகிரி தாண்டினாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

மூச்சும் பயமும் ஒன்றையொன்று தூண்டும். மூச்சு குறைந்தால் பயம் வருகிறது, பயந்தால் மூச்சு வேகமாகி இன்னும் குறைகிறது. அதை அறுக்கச் சில வழிகள்: படுக்காமல் உட்கார்ந்து, மேசை மேல் தலையணை வைத்து முன்னால் சாய்ந்துகொள்ளுங்கள். மூக்கால் மெல்ல இழுத்து, சூடான தேநீரை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் விடுங்கள். கையடக்க மின்விசிறி ஒன்று வாங்கி மூக்கும் கன்னமும் குளிரும்படி பிடியுங்கள். முகத்தில் படும் காற்று மூச்சுத்திணறல் உணர்வைக் குறைக்கிறது, ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். சாம்பிராணியையும் ஊதுபத்தியையும் வேறு அறைக்கு மாற்றுங்கள், வெள்ளிக்கிழமை விளக்கு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

இவை போதாவிட்டால் மருத்துவர் மிகக் குறைந்த அளவு மார்ஃபின் சிரப் தரலாம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அந்த அளவில், மேற்பார்வையோடு எடுத்தால் போதைக்கு அடிமையாகும் பயம் வேண்டியதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

மகன் எதிர்த்த அந்தக் குழு

அந்த மார்ஃபின் சிரப்பை எழுதித் தருகிறவர்களே பெரும்பாலும் பேலியேட்டிவ் குழுக்காரர்கள்தான். உங்கள் மகன் நினைப்பதுபோல அவர்களிடம் போவது சிகிச்சையைக் கைவிடுவது இல்லை. அமெரிக்காவில் பரவிய நுரையீரல் புற்றுநோய் வந்த 151 பேரிடம் செய்த ஆய்வு 2010-இல் வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே இந்தக் கவனிப்பு. கவனிப்புப் பெற்றவர்களில் மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்கள் 16 சதவீதம், பெறாதவர்களில் 38 சதவீதம். கவனிப்புப் பெற்றவர்களின் ஆயுளும் குறையவில்லை; சற்றுக் கூடுதலாகவே வாழ்ந்தார்கள். ஆயுள் கூடுமென்று எல்லா ஆய்வும் சொல்வதில்லை. நாட்கள் இதமாகும் என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே இது நடக்கும். இதே கவனிப்பைத் தரும் ஹாஸ்பிஸ் அமைப்பின் தாதிகளும் பெரும்பாலும் வீட்டுக்கே வந்து பார்ப்பவர்கள். ஹாஸ்பிஸ் என்றால் கட்டில் போட்டுச் சாவுக்குக் காத்திருக்கும் இடம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

மகனோடு வாதாட வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு அவரை உள்ளே அழைத்துப் போய், ‘என் மகன் கேட்க நினைப்பதை அவனே கேட்கட்டும்’ என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். தாயிடம் கேட்க முடியாததை வெள்ளைக் கோட்டு போட்டவரிடம் கேட்டுவிடுவார்கள்.

மகளிடம் சொல்வது

2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின்படி உங்கள் உடல்நிலை பற்றிய தகவல் உங்களுடையது. உங்கள் சம்மதம் இல்லாமல் மருத்துவமனை அதை யாருக்கும் சொல்லக் கூடாது. முடிந்தவரை உங்களுக்குப் புரிகிற மொழியில் விளக்கவும் வேண்டும். யாரிடம் சொல்வது என்பதை முடிவு செய்கிறவர் நீங்கள். மகனுக்கு இதில் தடைவிதிக்கும் அதிகாரம் கிடையாது.

சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. நான் பார்த்தவரை, மறைக்கப்பட்ட பிள்ளைகள் பிறகு வருந்துவது நோயைப் பற்றி மட்டும் இல்லை. நேரம் இருந்தபோது தங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்பதை அவர்களால் தாங்க முடிவதில்லை. முன்கூட்டியே மகனிடம், ‘ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியிடம் சொல்லப் போகிறேன், நீயும் பக்கத்தில் இரு’ என்று தெரிவித்துவிடுங்கள். அனுமதி கேட்க வேண்டாம். மகள் வேலையில் இல்லாத நேரமாகப் பார்த்து வீடியோவில் அழையுங்கள். பெர்த் நேரம் நமக்கு ஆறு மணி முந்தியது, நம் மாலை அவளுக்கு நள்ளிரவு. ‘தொற்று என்று சொன்னோம், அது உண்மையில்லை. நுரையீரலில் புற்றுநோய். மருந்து நடக்கிறது. முழுதாகக் குணமாகாது என்கிறார்கள், கட்டுப்படுத்தப் பார்க்கிறார்கள்’ என்று நாலு வாக்கியம் போதும். பிறகு அவள் அழட்டும். எப்போது வருவது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

பேரக்குழந்தை விஷயத்தில் மருமகளுக்குப் பாதி சரி, பாதி தவறு. புற்றுநோய் ஒட்டாது, முத்தமும் கொடுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடவும் செய்யலாம். உங்கள் டம்ளரைத் தனியாக வைத்தது அநாவசியம். குழந்தைக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் தள்ளி வைக்க வேண்டும், அதுவும் உங்களைக் காக்க. கீமோ முடிந்து ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகக் குறையும் காலம். அதே காரணத்தால் காவடிக்கு அலகு குத்துவதும் கடும் விரதமும் இப்போது கூடவே கூடாது. நேர்ந்துகொண்டால் நாத்தனாரே எடுக்கட்டும். உடம்பு ஒத்துழைக்கிற நாளாக இருந்தால் நீங்கள் கோயிலில் நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம்.

வருகிறவர்களைப் பற்றி. ‘ஏதாவது வேண்டுமா?’ என்று கேட்பவர்களிடம் ‘ஒன்றும் வேண்டாம்’ என்று சொல்லும் பழக்கத்தை விடுங்கள். என்ன செய்வதென்று தெரியாமல்தான் அவர்கள் பிரியாணி கொண்டுவருகிறார்கள். ஒருவர் விடியற்காலையில் கிளினிக்குக்குக் காரில் கொண்டுவிடட்டும். ஒருவர் மருந்தக வரிசையில் நிற்கட்டும். ஒருவர் வாரம் ஒரு மாலை உங்கள் கணவரைக் கடைப்பக்கம் அழைத்துப் போகட்டும். அவருக்கும் காற்று வேண்டும். பேச்சை மாற்றாமல் கேட்கக் கூடியவர் யார்? உங்கள் பழைய தொழிற்சாலைத் தோழியைப் பற்றி இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், ‘அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், கேட்டுக்கொண்டிருப்பாள்’ என்று. அவரைக் கூப்பிடுங்கள். சமையலறைக்குள் விட மாட்டேன் என்கிறார்களாமே. தாளிக்கும் புகை வேண்டாம், ஆனால் உட்கார்ந்து பீன்ஸ் உரிக்கவும் கொத்தமல்லி ஆயவும் உங்களுக்கு உரிமை உண்டு என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இதே நோயோடு இருப்பவர்களிடம் பேச விரும்பினால் கேன்சா என்ற புற்றுநோய்ச் சங்கத்தை 0800 22 66 22 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். மருத்துவமனைச் சமூகப் பணியாளரைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. தாதியிடம் கேட்டாலே எழுதித் தருவார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர் ஊனமுற்றோர் உதவித்தொகையைச் சேர்த்து வாங்க முடியாது என்று நீங்கள் கேள்விப்பட்டது சரி. ஆனால் உங்களை முழு நேரமும் ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தால், முதியோர் தொகைக்கு மேல் ‘கிராண்ட் இன் எய்ட்’ என்ற சிறு கூடுதல் தொகைக்கு, அரசு உதவித்தொகைகளை வழங்கும் சாசா அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கு மருத்துவ அறிக்கை தேவைப்படும். அடுத்த கிளினிக்கில் மூச்சுத்திணறலைச் சொன்ன கையோடு அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.